மரவள்ளி தின்ற அன்று

குணவதி மாமியின் அறுபதாவது பிறந்தநாளுக்கென்று மகன் வாகீசன் எடுத்த விமான ரிக்கற் அது. தை மாதக் கடைசியில், ரொறன்ரோ மில்லிக்கன் பக்கத்து வீட்டின் வாசலில் பனியை வழித்து வழித்து முதுகு பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்று, "அம்மா, உடுப்பை அடுக்குங்கோ. கடலுக்குப் போறம்" என்றான். ஹொண்டூரஸ் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிடக்கிற றொவற்றான் என்ற தீவு. ஒரு கிழமை. அறையும் சாப்பாடும் கடலும் ஒரே காசுக்குள் அடக்கம்.

"கடல் நான் காணாததே?" என்றார் மாமி. ஆனால் அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.

ரிக்கற் எடுத்த பிறகுதான் வாகீசனின் மனைவி துர்க்காவுக்குத் தான் பிள்ளைத்தாய்ச்சி என்பது தெரிந்தது.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது முறை மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற தங்கச்சி பாலேஸ்வரியில் தொடங்கி, பிறம்ரன், லண்டன், கொழும்பு என்று ஒரு வீடு மிச்சம் விடாமல் போன் அடித்துச் சொன்னார். மூன்று கிழமையில் எல்லாம் முடிந்தது. பிறகு அதே வீடுகளிலிருந்து போன் திரும்பி வரத் தொடங்கியது. "என்ன பிள்ளை, தூக்கக் கூடாததைத் தூக்கினனியோ?" "அன்னாசி கின்னாசி சாப்பிட்டனியோ?" துர்க்கா ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று பதில் சொன்னாள். சொல்லி வைத்த பிறகு, உண்மையிலேயே இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அவளுடைய சுபாவம் அப்படி. ஸ்ரீல்ஸ் வீதி மருந்துக்கடையில் குளிசைகளை எண்ணிப் போத்தலில் போடுகிற வேலை. எண்ணியதை இன்னொரு தரம் எண்ணாமல் மூடியைப் பூட்டமாட்டாள். பின்னேர வகுப்புக்குப் போகிற நாளில், அடுப்பை நிற்பாட்டினேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். அடுப்பு எப்போதும் நிற்பாட்டித்தான் இருந்தது.

இந்த முறை வாகீசனுக்கும் குடும்ப டொக்டருக்கும் மட்டுமே தெரியும். மாமிக்குச் சொல்வது மூன்று மாதம் நிறைந்த பிறகுதான். வாகீசனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பயணம் போகலாம், நுளம்பு கடிக்காமல் மருந்து பூசிக்கொள், பயப்படாதே என்றார் டொக்டர். முதல் இரண்டையும் துர்க்கா ஒழுங்காகச் செய்தாள்.

விடுதியில் காலைச் சாப்பாட்டு மேசையில் அன்னாசிப்பழம் கோபுரம் கோபுரமாக வெட்டி அடுக்கியிருந்தது. ரொறன்ரோவில் துர்க்கா ஒரு முழுப் பழத்தைத் தனியே இருந்து தின்னுகிறவள். "எடன் பிள்ளை, தேன் மாதிரி இருக்கு" என்று மாமி முதல் நாள் தட்டை நீட்டினார்.

"பல் கூசுது மாமி."

"ம்" என்றார் மாமி. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு கிழமை இப்படியே போனது. மாமி கடலில் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றார். வாகீசன் வெயிலில் படுத்துச் சிவந்தான். துர்க்கா நிழலில் இருந்து நாள் எண்ணினாள்.

கடைசி நாள். விமானம் பிற்பகல்தான். காலையில் விடுதிக்காரர் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் கரிஃபுனா என்கிற சனத்தின் ஊர் ஒன்றைக் காட்டி, மத்தியானச் சாப்பாடும் கொடுத்து, அப்படியே விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்களாம். துர்க்காதான் அதில் பெயர் கொடுத்தாள். அறையில் மாமியோடு தனியே இருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் அவளுக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. எங்கேயாவது, எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கூட்டிக்கொண்டு போனவள் எர்லின்டா. விடுதிச் சமையலறையில் வேலை. நாற்பது வயது மதிக்கலாம். கறுத்து உயர்ந்த உருவம், கட்டம் போட்ட துணியில் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். தீவுக்காரர் பேசுகிற இழுவை ஆங்கிலம். மாமியை முதல் நாளிலிருந்தே 'மிஸ் குணா' என்றுதான் கூப்பிட்டாள். மாமிக்கு அது பிடித்திருந்தது.

எர்லின்டாவின் வீடு கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றது. முற்றத்தில் நாலைந்து பெண்கள் பலகைகளை மடியில் சாய்த்து வைத்து மரவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தார்கள். பலகை முழுக்கச் சின்னச் சின்னக் கல்லுப் பதித்திருந்தது. ஒருத்தி பாட்டெடுத்தாள், மற்றவர்கள் துருவுகிற கையின் வேகத்துக்கு அதை வாங்கிப் பாடினார்கள்.

மாமிக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பலகையை இழுத்து மடியில் வைத்துவிட்டார்.

"அம்மா, நகத்தைத் துருவிப்போடாதேங்கோ" என்றான் வாகீசன், போனில் படம் பிடித்துக்கொண்டு.

"நீ பிறக்க முதல் துருவத் தொடங்கின கை உது. நீ தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காமல்."

துருவிய மாவைப் பாம்பு போல் நீண்ட ஒரு பின்னல் பைக்குள் அடைத்தார்கள். அதை மாமரக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்நுனியில் ஒரு தடியைச் செருகி, இரண்டு பெண்கள் அந்தத் தடியின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பை இழுபட்டு ஒடுங்கியது. பின்னலுக்குள்ளால் பால் போல் தண்ணீர் வழிந்து சட்டிக்குள் விழுந்தது.

"அதுதான் நஞ்சு" என்றாள் எர்லின்டா சிரித்துக்கொண்டு. "கோழி குடித்தால் அதே இடத்தில் முடிந்தது. நாங்கள் இரவு முழுக்கப் பிழிய விடுவோம். பிறகு அரித்து, சுடுகல்லில் போட்டு, சொட்டு ஈரமில்லாமல் சுடுவோம். எங்களுடைய ஆட்கள் ஒருவரும் இதைத் தின்று சாகவில்லை, மிஸ் குணா."

துர்க்கா தமிழில் சொன்னாள். மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கசப்பு மரவள்ளி. எங்கட பக்கம் ஆடு இலையைத் தின்டிட்டு வயிறு ஊதிச் செத்திருக்கு. உவள் சிரிக்கிறாள்."

நல்லாய்ப் பிழிந்திருப்பார்களா? துர்க்காவின் மனதுக்குள் ஒரு போத்தல் மூடி பூட்டாமல் நின்றது.

கிழங்கு இங்கே வந்த கதையையும் எர்லின்டா சொன்னாள். இருநூறு வருஷத்துக்கு மேலாகிறதாம். அவர்களுடைய பழைய தீவிலிருந்து ஆங்கிலேயர் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில் கொட்டிவிட்டுப் போனார்களாம். கப்பலில் ஏறும்போது பெண்கள் மரவள்ளியை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்களாம். உடம்பு வியர்வையில் அது சாகாமல் கிடந்ததாம்.

மாமி துருவின கையைச் சால்வையில் துடைத்தார். பிறகு, "ஊரைவிட்டு ஓடேக்க நாங்கள் நகையைத்தான் ஒளிச்சனாங்கள். விசர்ச் சனம்" என்றார்.

சாப்பாடு வந்தது. கல்லில் சுட்ட மரவள்ளி ரொட்டி, தட்டு அகலத்தில், காய்ந்து மொறுமொறுவென்று. உரலில் இடித்த வாழைக்காய் உருண்டை. தேங்காய்ப்பாலில் அவித்த முழு மீன்.

"சொதிதான் பிள்ளை இது" என்றார் மாமி, ஒரு வாய் குடித்துவிட்டு. "புளி காணாது."

துர்க்காவுக்குப் பல நாளைக்குப் பிறகு பசித்தது. ரொட்டியை உடைத்து உடைத்துத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தின்றாள். அது முடிய, வாழை இலையில் இனிப்புத் துண்டுகள் வந்தன. மண்ணிறச் சீனியில் தேங்காய்ப்பூவைக் காய்ச்சி ஊற்றி வெட்டிய சதுரங்கள். தேங்காய் ரொபி! ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் தட்டில் இருக்கிற அதே சாமான். துர்க்கா யோசிக்காமல் எடுத்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. தொண்டையில் மெல்லச் சுட்டது. தோடம்பழத் தோல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். ஏசி அறையில் படுத்துத் தடிமன் பிடித்த மூக்குக்கு ஒரு மணமும் தெரியவில்லை.

அப்போதுதான் மேளம் தொடங்கியது. இரண்டு மேளம். ஒன்று மாறாமல் ஒரே அடியை அடித்துக்கொண்டிருந்தது. மற்றதை வைத்திருந்தவன் ஆடுகிறவளின் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கால் போன பக்கம் அவன் கை போனது. பெண்கள் இடுப்பை மட்டும் வேகமாக அசைத்து, மேல் உடம்பை அசையவிடாமல் மணலில் சின்ன அடி வைத்து ஆடினார்கள். எர்லின்டா நேரே வந்து துர்க்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா பெண்ணே! சின்னப் பிள்ளை சும்மா இருக்கலாமா?"

"இல்லை, எனக்கு ஆடத் தெரியாது..."

"ஒருவருக்கும் தெரியாது, வா!"

வாகீசன் போனைத் தாழ்த்திவிட்டு எழும்பினான். ஆனால் என்ன சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றான். அதற்குள் மாமி எழுந்து நடுவே வந்துவிட்டார். பிள்ளைகளின் கலியாணத்தில்கூடக் கதிரையை விட்டு எழும்பாத மாமி, சல்வாரின் சால்வையை இடுப்பில் இறுக்கி, எர்லின்டாவின் மற்றக் கையைப் பிடித்து, "மீ! மீ!" என்று கொண்டு மணலுக்குள் இறங்கினார்.

வாகீசன் சிரித்துச் சிரித்துப் படம் பிடித்தான். துர்க்கா தப்பினேன் என்று அடுப்படிப் பக்கம் ஒதுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில், மாமியை மற்றப் பெண்களிடம் விட்டுவிட்டு எர்லின்டா மூச்சிரைக்க அங்கே வந்தாள். "உன் மாமி நல்லாய் ஆடுகிறாள். தெரியுமா, செத்த வீட்டிலும் நாங்கள் இதைத்தான் ஆடுவோம். ஒன்பதாம் இரவு. அழுது முடிந்ததும், போகிறவரைச் சந்தோஷமாய் அனுப்ப."

செத்த வீட்டுப் பேச்சு துர்க்காவுக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்:

"அந்த இனிப்பு எப்படிச் செய்கிறது? ரொறன்ரோவில் நாங்களும் செய்வோம்."

"அதுவா? தேங்காய், மண்ணிறச் சீனி, தோடம்பழத் தோல், இஞ்சி. இஞ்சி நிறையப் போட வேணும். அதுதான் ருசி."

மேளம் அடித்துக்கொண்டேயிருந்தது. துர்க்காவுக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

மரவள்ளி தின்ற அன்று இஞ்சி வாயில் படக்கூடாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை; தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல் அது அவளுக்குத் தெரியும். மரவள்ளியும் இஞ்சியும் வயிற்றுக்குள் சந்தித்தால் நஞ்சு. வீட்டில் மரவள்ளி அவிக்கிற நாளில் மாமி இஞ்சியை எடுத்துக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைப்பார். தேநீர்கூட வெறும் தேநீர்தான்.

சும்மா கதை, என்றாள் அவளுக்குள் இருந்த மருந்துக்கடைத் துர்க்கா. மூன்று துண்டு, என்றாள் மற்றத் துர்க்கா.

திரும்பி வந்தாள். மாமி ஆடிக் களைத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. கையில் ஒரு துண்டு இனிப்பு. அதை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டும். 'மாமி, வையுங்கோ, அதில இஞ்சி.' அவ்வளவுதான். ஆனால் சொன்னால் மாமி கேட்பார், நீ சாப்பிட்டனியோ? எத்தினை? பிறகு, ஏன் பிள்ளை இப்பிடி நடுங்கிறாய்? பிறகு எல்லாம் வெளியே வரும். ஸ்ரௌவ்வில், பிறம்ரன், லண்டன், கொழும்பு.

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே துண்டைக் கடித்தார். மெதுவாகச் சப்பினார். விழுங்கினார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

துர்க்கா வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்தில் அவள் போனைக் குடைந்தாள். ஆதாரம் இல்லை என்றது ஒரு பக்கம். உண்டு, ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்றது இன்னொன்று. ஒழுங்காய்ப் பிழியாத கிழங்கு எப்படியும் ஆபத்து, இஞ்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றது மூன்றாவது. அந்தச் சட்டிக்குள் வழிந்த வெள்ளைத் தண்ணீர் கண்ணுக்குள் வந்தது. கடைக்கு வருகிற சனத்துக்கு, இணையத்தில் பார்த்ததை நம்பாதேங்கோ என்று சொல்கிறவள், எல்லாவற்றையும் நம்பினாள்.

விமானத்தில் மாமி ஜன்னலோரம், துர்க்கா நடுவில், வாகீசன் மற்றக் கரையில். மேலே ஏறி நேரானதும் பணிப்பெண் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஜிஞ்சர் ஏல்?"

"நோ!" என்றார்கள் மாமியும் துர்க்காவும். ஒரே நேரத்தில். அதுவும் கொஞ்சம் பலமாக. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டு" என்றான் வாகீசன்.

"டேய், குடியாதை! மரவள்ளி தின்ட வயிறு."

"அம்மா, சும்மா கண்டறியாத கதை. இதில இஞ்சி எண்டு பேர் மட்டும்தான்." ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தகரத்தை நசித்தான்.

துர்க்கா இப்போது மூன்று பேரைக் கவனிக்க வேண்டியிருந்தது. வாகீசனுக்கு ஏப்பம் வந்தது. மாமி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார், நித்திரையா, மயக்கமா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். ஏறி இறங்கியது. ஒரு முறை மாமி திடீரென்று கண்ணைத் திறந்தார். துர்க்காவின் முகத்தைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்கள்.

பாதி வழியில் அடிவயிற்றில் ஒரு இழுவை. பழக்கமான இழுவை. அவள் எழும்பிக் கழிவறைக்குப் போனாள். கடதாசியில் ஒரு குங்குமப் பொட்டளவு இரத்தம்.

அந்தச் சின்னக் கண்ணாடிக்கு முன் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தாள். மாமிக்குக் கேட்காமல் சொல்ல வழியில்லை. போனில் எழுதி வாகீசனுக்குக் காட்டினாள்: 'இரத்தம். கொஞ்சம்.'

வாகீசன் வாசித்தான். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பொத்திப் பிடித்தான். ரொறன்ரோ வரும் வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. இஞ்சியைப் பற்றி அவள் அவனுக்கும் எழுதவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும்போல் இருந்தது.

பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டி வருகிற இடத்தில் ஓரமாய் நின்று நேர்ஸிடம் ஆலோசனை கேட்கிற போன் இலக்கத்துக்கு அடித்தாள். நேர்ஸ் பொறுமையாய் எல்லாம் கேட்டாள். கடும் நோவு இல்லை, இரத்தம் கூடவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் படு. கூடினால் உடனே ஆஸ்பத்திரி. எப்படியும் காலையில் ஸ்கான் எடு என்றாள். "வேறு ஏதாவது சாப்பிட்டாயா, விழுந்தாயா?" என்று கேட்டாள். "இல்லை" என்றாள் துர்க்கா. பிறகு, "மரவள்ளி ரொட்டி" என்றாள். நேர்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாகீசன் காரை ஓட்டினான்; துர்க்கா பக்கத்தில் இருந்தாள். பின் இருக்கையில் மாமி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வாகீசன் காரை உள்ளே விட வழியில்லாமல் வாசல் பனியை வழிக்கப் போனான். மாமி மேலங்கியைக் கழற்றாமலே கேத்தலைப் போட்டார். துர்க்கா குசினி வாசலில் நின்றாள். நேர்ஸ் சொன்னபடி படுத்திருக்க வேண்டும். ஆனால் படுக்கப் போனால் இனி ஒருநாளும் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமி."

"இருந்து கதை." மாமி கதிரையைக் காட்டினார்.

"அந்தத் தேங்காய் இனிப்பில இஞ்சி இருந்தது."

"தெரியும்."

"நீங்கள் சாப்பிடேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு அப்பவே தெரியும். சொல்லேல்லை."

"அதுவும் தெரியும்." மாமி கோப்பைகளை எடுத்து வைத்தார். "எனக்கென்ன மூக்கில்லையே? இலையில கொண்டந்து வைக்கேக்கயே மணந்தது. நான் வாயைத் திறக்க முதல் நீ மூண்டு துண்டை விழுங்கிப்போட்டாய். உன்ர வாய்க்கு ஒரு பிறேக் இல்லை."

துர்க்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தெரிஞ்சுகொண்டே ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"விழுங்கினதை வெளிய எடுக்கேலுமே? உனக்குத் தெரியாட்டித் தெரியாமலே போகட்டும் எண்டு விட்டன். பிறகு பாத்தா, அடுப்படியில இருந்து வாறாய், முகம் வெள்ளைச் சீலை மாதிரி. அவள் சொல்லிப்போட்டாள் எண்டு விளங்கிச்சுது. நான் கத்தியிருந்தா நீ அந்த மணலுக்குள்ளயே விழுந்திருப்பாய். அதான் தின்டன். மாமியே தின்னுறா, அப்ப ஒண்டும் செய்யாது எண்டு நீ நினைப்பாயெண்டு."

"நான் அப்பிடி நினைக்கேல்லை மாமி. உங்களுக்கும் ஏதோ நடக்கப்போகுது எண்டுதான் நினைச்சன்."

மாமி கரண்டியை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு நல்லதா ஒண்டையும் நினைக்கத் தெரியாதே, பேய்ப்பெட்டை?"

கேத்தல் கொதித்து அதுவாக நின்றது.

"நான் விழுந்திருப்பன் எண்டு ஏன்..." துர்க்கா தொடங்கினாள்.

"ஒரு கிழமை அந்த அன்னாசியைப் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் மாமி. "பல் கூசுதாம். பல் கூசுறவள் ஐஸ்கிறீம் ரெண்டு தரம் எடுப்பாளே? அவள் உன்னை ஆட இழுக்கேக்க உவன் நிண்ட நிலை! கட்டின மனுசன், மரம் மாதிரி. நான் எழும்பாட்டி?"

மணலில் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கிய மாமி அவள் கண்ணுக்குள் வந்து நின்றார். துர்க்கா கதிரையை இழுத்து இருந்தாள்.

"இரத்தம் பட்டது மாமி. பிளேனுக்குள்ள."

மாமியின் கை மேசையில் எதையோ தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அவரும் இருந்தார். வெளியே பனி வழிக்கிற சவள் சீமெந்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப?"

"கூடேல்லை. காலமை ஸ்கான்."

"ம்."

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

மாமியின் முகம் ஒரு முறை சுருங்கியது. "போன முறை சந்தோசத்தில சொன்னனான். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லையாம் எண்டு சொன்னதும் நான்தான். உனக்குப் பத்து கோல் வந்திருக்கும். எனக்கு வந்ததை நீ அறியமாட்டாய்." எழும்பித் தேநீரை ஊற்றினார். வெறும் தேநீர். "குடிச்சிட்டுக் காலை உயர்த்தி வைச்சுப் படு. நான் இஞ்சதான் இருப்பன்."

ஸ்கான் எடுக்கிற இடம் ஒரு பிளாசாவுக்குள், பேக்கரி ஒன்றுக்கும் பல் டொக்டர் ஒருவருக்கும் நடுவில் இருந்தது. வாகீசன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். மாமி கூடவே உள்ளே வந்தார். அறைக்கதவில் அவரை நிற்பாட்டிவிட்டார்கள்.

படம் எடுக்கிறவள் இளம் பெண். குளிர்ந்த களிம்பைப் பூசிக் கருவியை அழுத்தினாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. துர்க்கா அவளுடைய முகத்தையே பார்த்தாள். முதல் முறையும் இப்படித்தான், இரண்டாவது முறையும். அந்த முகங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்ட முகங்கள். பெண் ஏதோ அழுத்தினாள், அளந்தாள், கருவியைச் சரித்தாள். திரும்பவும் அளந்தாள். ஏன் திரும்பவும்?

"ஏதாவது தெரிகிறதா?"

"விவரம் டொக்டர்தான் சொல்லுவார்."

"எனக்குத் தெரியும். தயவு செய்து..."

பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு இரண்டு விரலால் திரையைத் துர்க்காவின் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்துக்குள் ஒரு கறுப்புப் பை. அதற்குள் ஒரு கடலையளவு வெள்ளை. கடலைக்குள் ஏதோ விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. நிற்கப்போகிறது, நிற்கப்போகிறது என்று துர்க்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நிற்கவில்லை. ஒரே அடியாக, மாறாமல், தன்பாட்டில் மின்னிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது மாமி கதிரையின் நுனியில் இருந்தார். துர்க்காவின் முகத்தைப் பார்த்தார். துர்க்கா தலையை ஆட்டினாள். இருக்கு, என்பது போல.

மாமி நீளமாய் ஒரு மூச்சு விட்டார். பிறகு கைப்பையைத் திறந்து, விடுதியின் பெயர் அச்சடித்த கடதாசித் துண்டு ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். உள்ளே நாலைந்து தேங்காய் இனிப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"உதையேன் மாமி கொண்டந்தனீங்கள்?"

"எர்லின்டா தந்தவள். கொட்டுறதே? இண்டைக்கு மரவள்ளி இல்லைத்தானே. இண்டைக்குத் தின்னலாம்."

"அப்ப நேற்று ஒண்டும் செய்யேல்லையே? அந்தக் கதை பொய்தானே?"

"ஆர் பொய்யெண்டது? அவளவை இஞ்சியைச் சீனியில போட்டுக் காய்ச்சி எடுத்திட்டாளவை. அதால தப்பினம்." மாமி ஒரு துண்டைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். "ஒண்டுதான். நேற்று மாதிரி மூண்டில்லை."

துர்க்கா வாங்கினாள். வாயில் வைக்கப் போனபோது மாமியின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார். பாலேஸ்வரி, ஸ்ரௌவ்வில்லிலிருந்து. துர்க்காவின் கை அந்தரத்தில் நின்றது. இன்னும் மூன்று மாதம் நிறையவில்லை. டொக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமி போனைக் காதில் வைத்தார்.

"ஓம் பாலேஸ், நேற்று இரவே வந்திட்டம். ... சுகமாய்ப் போச்சு. வெயிலெண்டா வெயில். நான் டான்ஸும் ஆடினனான், வாகீசன் வீடியோ வைச்சிருக்கிறான், வந்து பார். ... வேற புதினமோ?"

மாமி துர்க்காவைப் பார்த்தார். கண்ணால் அவளுடைய கையிலிருந்த இனிப்பைக் காட்டினார், தின் என்பது போல.

"வேற ஒரு புதினமும் இல்லை. கடல், மரவள்ளி, அவ்வளவுதான்."